தோளுக்குப் போட்ட ஊசி

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்தியவர் ‘மயக்க மருந்து டாக்டர்’ என்றார். ஊரில் எங்களுக்கு அதுதான் பெயர், குறையொன்றும் இல்லை. ஆனால் இன்று மயக்கத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. நோயாளி கண் விழித்து, நினைவு தெளிந்து, “காபி குடிக்கலாமா?” என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் உடம்புக்குள் நடக்கிற ஒரு சங்கதியைச் சொல்ல வந்திருக்கிறேன்.

தொழிலில் நான் கால் ஊன்றிக்கொண்டிருந்த காலம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து, வலது தோளில் தசைநார் கிழிந்து வந்தார். ‘ஜவ்வு கிழிஞ்சிருச்சு’ என்று வீடுகளில் சொல்வோமே, அதேதான். அறுவைக்கு முன்னால் அவர் கழுத்தின் வலப்பக்கம் ஒரு ஊசி போட்டேன். பத்து நிமிடத்தில் கை மரத்தது, அரை மணியில் தூக்க முடியாமல் போனது. அறுவை நல்லபடியாக முடிந்தது. நானும் திருப்தியாக டீ குடிக்கப் போனேன்.

சாயங்காலம் வார்டிலிருந்து ஆள் ஓடி வந்தார். “சார், டீச்சரம்மாவுக்கு மூச்சு முட்டுதாம்.” போய்ப் பார்த்தால் அவர் மல்லாந்து படுத்திருக்கிறார், நெற்றியெல்லாம் வியர்வை. மகள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். விரலில் மாட்டிய கிளிப்பில் ஆக்சிஜன் அளவு 95 காட்டுகிறது, மோசமில்லை. “தம்பி, கையில வலி துளிகூட இல்ல. ஆனா மூச்ச இழுத்தா பாதியிலயே நின்னுடுது. எனக்கு என்னமோ ஆகப் போகுதா?” என்றார். தலைமாட்டை உயர்த்தி, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, நிமிர்த்தி உட்கார வைத்தேன். ஐந்து நிமிடத்தில் முகம் தெளிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, இது ஏன் என்று விளக்கினேன். வகுப்பில் பையன் சொல்லும் பதிலைக் கேட்பதுபோல் முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இது இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் டீச்சர்.”

“அப்ப ஏன் சொல்லல?”

என்னிடம் பதில் இல்லை. இந்தப் பேச்சு முழுக்க அந்தக் கேள்விக்கு நான் காலம் கடந்து சொல்கிற பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. தோளுக்கு ஏன் இத்தனை ஏற்பாடு? வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடக் கூடாதா என்று கேட்கலாம். தோள் அறுவை வெளியே பார்க்கச் சின்னதாக இருக்கும். இப்போது பெரும்பாலும் கேமரா வைத்து, விரல் நுனி அளவு ஓட்டைகள் வழியாகவே செய்கிறார்கள். உள்ளே நடப்பது அப்படிச் சின்ன வேலை இல்லை. எலும்பைத் துளைத்து, அதில் ஆணி போன்ற ஒன்றை இறக்கி, கிழிந்த நாரை இழுத்துக் கட்டுகிறார்கள். முதல் இரவு வலி மிகக் கொடியது. காலில் அறுவை என்றால் காலை அசைக்காமல் கிடக்கலாம். தோளை எங்கே வைப்பது? படுத்தாலும் வலி, புரண்டாலும் வலி, இருமினாலும் வலி. ‘உசிர் போற வலி’ என்று நம் மக்கள் சொல்வது இந்த இடத்தில் மிகையே கிடையாது.

இந்த வலியை அடக்க இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று மூளைக்குப் போகிறது, மற்றொன்று நரம்புக்குப் போகிறது. இரண்டுமே போகிற வழியில் மூச்சைத் தொட்டுவிட்டுத்தான் போகின்றன.

மூளைக்குப் போகிற பாதை அபினியின் பாதை. மார்ஃபின், ஃபென்டனில், நம் ஊரில் அதிகம் புழங்கும் டிரமடால் எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். சில சாது, சில முரடு. மூளைத்தண்டில் மூச்சுக்குத் தாளம் போடுகிற ஒரு சின்ன நரம்புக் கூட்டம் இருக்கிறது. நாம் தூங்கினாலும் அது தூங்காது. ரத்தத்தில் கரியமில வாயு கொஞ்சம் ஏறினால் போதும், ‘ம், இன்னும் வேகமாக’ என்று விரட்டும். மார்ஃபின் வலியை மங்கச் செய்கிற அதே கையால் இந்தத் தாளக்காரரின் தோளையும் தட்டித் தூங்க வைக்கிறது. மூச்சு நிமிடத்துக்குப் பதினாறிலிருந்து பத்தாகும், எட்டாகும். குறட்டை விடுகிறவர்களுக்கு, அதிலும் குறட்டை நடுவில் மூச்சே நின்று திடுக்கிட்டு விழிக்கிறவர்களுக்கு, இது நிஜமாகவே ஆபத்து.

இங்கே ஒரு சூட்சுமம் சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் கிளிப் ஆக்சிஜனை மட்டும்தான் பார்க்கிறது, கரியமில வாயு அதன் கண்ணில் படாது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்திருக்கும் நோயாளி மூச்சைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், கிளிப் நெடுநேரம் 98, 99 என்று காட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் துணைக்கு இருப்பவர் எண்ணைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிடுவார். நான் சொல்வது இதுதான்: எண்ணைப் பார்ப்பதோடு நெஞ்சையும் பாருங்கள், ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறாரா பாருங்கள். நரம்பு வலிக்கு என்று தாராளமாக எழுதப்படுகிற கபாபென்டின், பிரிகாபலின் மாத்திரைகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான். மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கும், அபின் வகை மருந்தோடு சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கும் இவை மூச்சை அமுக்கலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019 டிசம்பரில் எச்சரித்தது.

ஆகவே மூளையை விட்டுவிட்டு, வலி கிளம்புகிற வழியிலேயே அதை நிறுத்தினால் என்ன என்று யோசித்தார்கள். இது நூற்று நாற்பது வருடத்துக் கதை. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர், கொக்கெயின் சொட்டு விட்டால் கண் மரத்துப்போகிறது என்று கண்டுபிடித்தார். செய்தி அட்லாண்டிக்கைத் தாண்டிய சில மாதங்களிலேயே நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டட் அதை நரம்புகளில் செலுத்திப் பார்த்தார். கழுத்தைக் கீறி, கைக்குப் போகிற நரம்புக் கட்டை வெளியே தெரியும்படி வைத்து, அதன்மேல் மருந்தைப் போட்டார். மருந்தைத் தன் மீதும், கூட வேலை பார்த்தவர்கள் மீதும் சோதித்துப் பார்த்ததில் அவரும் அவர்களில் பலரும் கொக்கெயினுக்கு அடிமையானார்கள். பிற்பாடு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அமெரிக்க அறுவை மருத்துவத்துக்கே ஆசானாக விளங்கிய மனிதர் அவர். நாங்கள் இன்று கூசாமல் போடுகிற ஊசிக்குப் பின்னால் இப்படி ஒரு விலை இருக்கிறது.

கழுத்தைக் கீறாமல், தோலுக்கு மேலிருந்தே ஊசி போட முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர் ஜெர்மனியின் குலென்காம்ப். 1911-இல் காறை எலும்புக்கு மேலே, முதலில் தன் உடம்பிலேயே குத்திப் பார்த்தார். அந்த இடத்தில் நுரையீரலின் முனை ஊசிக்கு மிக அருகில் இருக்கிறது, தவறினால் காற்று கசியும். 1943-இல் ஸ்வீடனில் லோஃப்கிரென், மரக்கச் செய்யும் மருந்தான லிக்னோகெயினை உருவாக்கினார். 1957-இல் அதே நாட்டில் பூப்பிவகெயின் பிறந்தது. ஒரே ஊசியில் அரை நாள் மரத்துக் கிடக்க இது வழி செய்தது. பின் 1970-இல் சிகாகோவின் ஆலன் வின்னி ஒரு எளிய வழி சொன்னார். கழுத்தின் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு தசைகள் இறங்குகின்றன. நடுவில் ஒரு பள்ளம். விரலால் தடவினாலே தெரியும். கைக்குப் போகிற நரம்புகள் எல்லாம் அந்தச் சந்து வழியாக, ஒரே உறைக்குள் போட்ட கத்திகள்போல இறங்குகின்றன. குரல்வளை மட்டத்தில், அந்தச் சந்தில் ஒரே குத்து. உறைக்குள் மருந்தை நிரப்பு, முடிந்தது வேலை. இதற்கு இன்டர்ஸ்கேலீன் பிளாக் என்று பெயர். டீச்சருக்கு நான் போட்டதும் இதுவே. தோளுக்கு இதை மிஞ்ச ஒன்று இல்லை என்று தலைமுறை தலைமுறையாக எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வலியை மட்டும் கணக்கில் எடுத்தால் அது பெரும்பாலும் உண்மைதான்.

இனி மூச்சுக்கு வருவோம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோலக் கவிந்திருக்கிறது உதரவிதானம். அது சுருங்கிக் கீழே இறங்கும்போது நுரையீரலுக்குள் காற்று வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. சரி, விலா எலும்புக்குக் கீழே இருக்கிற இந்தத் தசைக்கு நரம்பு எங்கிருந்து வர வேண்டும்? பக்கத்தில் முதுகெலும்பு இருக்கிறது, அங்கிருந்து வரலாம். வரவில்லை. கழுத்திலிருந்து வருகிறது! கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்பு வேர்களில் பிறந்து, நெஞ்சுக்கூடு முழுக்கப் பயணம் செய்து, இதயத்தின் ஓரமாக இறங்கி, நீண்ட தூரம் வந்து சேர்கிறது. ஏன் இந்தச் சுற்றுவழி?

கருவில் நான்காவது வாரத்தில், உதரவிதானமாக ஆகப்போகிற திசு கழுத்துக்கு நேரே இருக்கிறது. தனக்கு வேண்டிய நரம்பை அங்கேயே வாங்கிக்கொள்கிறது. பிறகு கரு வளர வளர அது கீழே இறங்குகிறது. எட்டாம் வாரத்துக்குள் விலாவுக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நரம்பை மட்டும் விடவில்லை, கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. கல்யாணமாகித் தூர தேசம் போனாலும் தாய்வீட்டுக் கயிறு அறாத பெண்போல, உதரவிதானம் இன்றுவரை கழுத்துக்குக் கட்டுப்பட்டது. தோளுக்கு உணர்ச்சி கொடுக்கும் வேர்கள் 5, 6. தோளின் மேல்தோலுக்கு 3, 4. ஆக, தோளும் மூச்சும் ஒரே தெருவில் பிறந்தவை.

இது புத்தகத்தில் மட்டும் இருக்கிற சங்கதி என்று நினைக்க வேண்டாம். இந்த அரங்கில் யாராவது லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பை எடுத்துக்கொண்டிருந்தால், மறுநாள் தோள்பட்டை வலித்தது நினைவுக்கு வரும். “வயித்துல ஆபரேஷன் பண்ணாங்க, தோள் ஏன் வலிக்குது?” என்று கேட்டிருப்பீர்கள். வயிற்றுக்குள் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. அந்தச் செய்தி கழுத்து வேர்களுக்கு ஏறுகிறது. மூளை முகவரியைக் குழப்பிக்கொண்டு ‘தோள் வலிக்கிறது’ என்கிறது. உதரவிதானத்தின் வலி தோளில் தெரிகிறது என்றால், தோளுக்குப் போட்ட மருந்து உதரவிதானத்தில் தெரிவதில் ஆச்சரியம் என்ன?

உதரவிதான நரம்பு கழுத்தில் இறங்கும் பாதையைப் பாருங்கள். வின்னி சொன்ன அந்தப் பள்ளத்தின் முன்சுவராக இருக்கிற தசையின் நெற்றியிலேயே அது படுத்துக்கொண்டு போகிறது. குரல்வளை மட்டத்தில் அதற்கும் கைநரம்பின் மேல் வேருக்கும் இடைவெளி சுமார் 2 மில்லிமீட்டர். ஒவ்வொரு சென்டிமீட்டர் கீழே போகும்போதும் இன்னும் 3 மில்லிமீட்டர் விலகுகிறது. இந்த இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். 2 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டில் நாங்கள் நாற்பது மில்லி மருந்தை ஊற்றினால் பக்கத்து வீட்டுக்குள் போகாமல் இருக்குமா?

போகிறதா இல்லையா என்று சரியாக எண்ணிப் பார்க்க 1991 வரை ஆயிற்று. நியூயார்க்கின் எலும்பு அறுவைக்கான சிறப்பு மருத்துவமனையில் வில்லியம் அர்மியும் கூட்டாளிகளும் இந்த ஊசி போட்ட 13 பேரை எடுத்துக்கொண்டு, விலாவுக்கு அடியில் அல்ட்ராசவுண்ட் வைத்து உதரவிதானத்தைப் பார்த்தார்கள். மூக்கை உறிஞ்சச் சொன்னால் நல்ல பக்கம் வெடுக்கென்று கீழே இறங்கும். செயலிழந்த பக்கம் எதிர்த் திசையில் மேலே ஏறும். 13 பேரில் எத்தனை பேருக்கு அந்தப் பக்கம் செயலிழந்தது தெரியுமா? 13 பேருக்கும். அதுவரை எப்போதாவது வருகிற பக்கவிளைவு என்று எழுதிக்கொண்டிருந்தோம். அது ஊசியின் கூடவே வருகிற நிழல் என்று அன்று தெரிந்தது. அடுத்த ஆண்டு அவர்களே மூச்சை அளந்தார்கள். முழுக்க இழுத்து முழுக்க ஊதும் காற்றில் சராசரியாக 27 சதவீதம் குறைந்திருந்தது.

கால் பங்குக்கு மேல் மூச்சு போய்விட்டது என்றால் பயமாக இருக்கிறது. ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்கள் அதை உணரவே இல்லை. சும்மா படுத்திருப்பவருக்கு வேண்டிய காற்று, அவருடைய மொத்தக் கொள்ளளவில் ஒரு சிறு பகுதிதான். மற்ற பாதி உதரவிதானமும் விலாத் தசைகளும் கழுத்துத் தசைகளும் சத்தமில்லாமல் வேலையை எடுத்துக்கொள்கின்றன. இன்னொரு சாட்சியும் உண்டு. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில், 1910-களிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் வரும் வரை, நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க இதே நரம்பைக் கழுத்தில் வேண்டுமென்றே நசுக்கினார்கள். நரம்பு மீண்டும் வளரும் வரை மாதக்கணக்கில் அந்த நோயாளிகள் பாதி உதரவிதானத்தோடு நடமாடினார்கள். நாங்கள் போடுகிற ஊசி சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு நாளில் இறங்கிவிடுகிறது. மாதங்களாகியும் நரம்பு மீளாமல் போனவர்கள் உண்டு. மிக அரிதுதான், ஆனாலும் பதிவாகியிருக்கிறது. அதை மறைப்பது நியாயமில்லை.

அப்படியானால் யாருக்குப் பிரச்சினை? கையிருப்பு இல்லாதவர்களுக்கு. பீடி, சிகரெட்டில் நுரையீரலை இழந்தவர்கள். பத்து வருடமாக இளைப்புக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள். உடல் கனத்து, மல்லாந்து படுத்தாலே வயிறு மூச்சை முட்டுகிறவர்கள். இவர்களுக்குக் கால் பங்கு போவது சேமிப்பே இல்லாத வீட்டில் ஒரு மாதச் சம்பளம் நிற்பதுபோல.

எல்லாரும் மறந்துபோகிற ஒருவர் இன்னும் இருக்கிறார். இதயத்தில் பைபாஸ் செய்துகொண்டவர். அந்த அறுவையில் நெஞ்சின் உட்சுவரிலிருந்து இடது பக்கத்து ரத்தக் குழாயை எடுக்கும்போதும், இதயத்தைக் குளிரவைக்கும்போதும், பக்கத்தில் போகும் இடது உதரவிதான நரம்பு அடிபட வாய்ப்புண்டு. அடிபட்டதே தெரியாமல் வருடக்கணக்கில் நன்றாக இருப்பார். இப்போது அவர் வலது தோள் அறுவைக்கு வருகிறார். நாங்கள் வலது கழுத்தில் ஊசி போடுகிறோம். இடது பாதி முன்பே படுத்துவிட்டது, வலது பாதியை நாங்கள் படுக்க வைக்கிறோம். மிச்சம் என்ன இருக்கிறது? அதனால்தான் இப்படிப்பட்டவருக்கு ஊசி எடுக்கும் முன் எக்ஸ்ரேயைப் பார்க்க வேண்டும், ஒரு பக்கக் குடை மேலே தூக்கி நிற்கிறதா என்று. சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் வைத்து மூக்கை உறிஞ்சச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதே காரணத்துக்காக இரண்டு தோளுக்கும் ஒரே நாளில் இந்த ஊசியைப் போடக் கூடாது.

பக்கத்து வீடுகள் இன்னும் சில உண்டு. மருந்து கொஞ்சம் பரவினால் அந்தப் பக்கத்து இமை தொங்கும், கண்பாவை சுருங்கும். கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பக்கவாதம் வந்துவிட்டது என்று அலறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்து இறங்கியதும் இமையும் தானே ஏறிவிடும். குரல் கம்மலாம், குரல்நாண் நரம்பும் அதே தெருதான். தைராய்டு அறுவையில் ஏற்கெனவே ஒரு பக்கக் குரல்நாண் செயலிழந்தவருக்கு இன்னொரு பக்கமும் போனால் மூச்சுவழியே அடைபடும். அதனால் தைராய்டு ஆபரேஷன் ஆனவரா, அதற்குப் பிறகு குரல் மாறியதா என்று நாங்கள் கேட்டால் சம்பந்தமில்லாத கேள்வி என்று நினைக்காதீர்கள்.

எங்கள் துறையினர் கை கட்டி உட்கார்ந்திருக்கவில்லை. அர்மியே மருந்தை 45 மில்லியிலிருந்து 20 மில்லியாகக் குறைத்துப் பார்த்தார், பலன் இல்லை; அப்போதும் எல்லாருக்கும் உதரவிதானம் நின்றது. அப்போதெல்லாம் விரலால் தடவி, மின்தூண்டலில் கை துள்ளுகிறதா பார்த்துத்தான் குத்துவோம், கண்கட்டி வித்தைதான். 1994-இல் வியன்னாவில் அல்ட்ராசவுண்டில் நரம்பைப் பார்த்துக்கொண்டே ஊசி போடலாம் என்று காட்டினார்கள். ஊசி முனை எங்கே இருக்கிறது என்று கண்ணால் தெரிந்த பிறகு வாளி வாளியாக ஊற்ற வேண்டிய அவசியம் இல்லை. 2008-இல் டொராண்டோவில் 20 மில்லியையும் 5 மில்லியையும் ஒப்பிட்டார்கள். ஐந்து மில்லி என்றால் ஒரு டீஸ்பூன். வலி இரண்டிலும் ஒரே அளவில் அடங்கியது. 20 மில்லி போட்ட எல்லாருக்கும் உதரவிதானம் நின்றது. 5 மில்லி போட்டவர்களில் 45 சதவீதத்தினருக்கு மட்டும்.

இன்னொரு யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. உறைக்குள் ஏன் போக வேண்டும்? வெளியே நின்று மருந்தைக் கசிய விட்டால் போதாதா? சுவிட்சர்லாந்தில் 2016-இல் ஊசி முனையை உறைக்கு 4 மில்லிமீட்டர் வெளியே நிறுத்தினார்கள். ஒரு அரிசி மணியின் நீளம்கூட இல்லை. உதரவிதானம் பாதிக்கப்பட்டவர்கள் 90 சதவீதத்திலிருந்து 21 சதவீதத்துக்கு இறங்கினார்கள். எங்கள் தொழிலில் கைவண்ணம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இப்போது முன்னே சொன்ன அந்த எண்ணுக்கு வருகிறேன். ஒரு சென்டிமீட்டர் கீழே போனால் 3 மில்லிமீட்டர் விலகுகிறது என்றேன் அல்லவா? 5-ஆம் வேரும் 6-ஆம் வேரும் கூடி ஒரு தண்டாக ஆகிற இடம் சற்றே கீழே இருக்கிறது. அங்கே போட்டால் தோளுக்கு வேண்டிய இரண்டு வேரும் கிடைத்துவிடும், மூச்சு நரம்பு விலகி நிற்கும். மேல்தண்டு பிளாக் என்கிறோம். 2019-இல் நியூயார்க்கிலும் தென்கொரியாவிலும் நடந்த சோதனைகள், உதரவிதானம் முழுக்க நிற்பது பழைய முறையில் பத்தில் ஏழு பேருக்கு என்றால் இந்த முறையில் இருபதில் ஒருவருக்குத்தான் என்று காட்டின. வலி அடங்கியதில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. என் கருத்தைக் கேட்டால், இன்று பெரும்பாலான தோள் அறுவைக்கு நான் இங்கேதான் நிற்பேன்.

மூச்சுக் கையிருப்பு அறவே இல்லாதவருக்குக் கழுத்தையே விட்டுவிடலாம். தோள் மூட்டின் உணர்ச்சியில் பெரும்பகுதியை, சுமார் 70 சதவீதத்தை, தோள்பட்டை எலும்பின் மேலாகப் போகிற ஒரே நரம்பு சுமக்கிறது. அதற்கு முதுகுப் பக்கமிருந்து ஊசி போடலாம் என்று 1941-இலேயே நியூயார்க்கில் வெர்தைமும் ரோவன்ஸ்டைனும் எழுதிவிட்டார்கள். பரணில் கிடந்த அந்தப் பழைய பாத்திரத்தை இப்போது இறக்கித் துலக்கியிருக்கிறோம். அதோடு அக்குள் பக்கத்து நரம்பையும் சேர்த்து மரக்கச் செய்தால் தோள் பெரும்பாலும் அடங்கிவிடும்; உதரவிதான நரம்பு இருக்கிற திசைக்கே ஊசி போகாது. முதல் சில மணி நேரத்தில் கழுத்து ஊசி அளவுக்கு வலி அடங்குவதில்லை என்பது உண்மை. பிறகு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூச்சா, முதல் சில மணி நேர வலியா என்று கேட்டால் இளைப்புக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

மருந்து இறங்குகிற நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காலையில் போட்ட ஊசி நள்ளிரவில் விடும். பன்னிரண்டு மணி நேரம் கையே இல்லாததுபோல் சுகமாக இருந்தவருக்கு அப்போது வலி மடை உடைத்ததுபோல் வரும். பதறிப்போய், இருக்கிற வலி மாத்திரையையெல்லாம் சேர்த்து விழுங்குவார். சிலர் தூக்க மாத்திரையையும் சேர்த்து. இங்கேதான் இரண்டு பாதையும் சந்திக்கின்றன. பாதி உதரவிதானம் இன்னும் முழுதாக விழிக்காத நேரத்தில் அபின் வகை மருந்தும் உள்ளே போகிறது. இதைத் தடுப்பது சுலபம். வலி இல்லையே என்று மாத்திரையைத் தள்ளிப் போடாமல், எழுதிக் கொடுத்த பாராசிட்டமாலையும் வீக்கம் குறைக்கும் மாத்திரையையும் படுக்கப் போகும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அன்றிரவு சாய்வு நாற்காலியிலோ, முதுகுக்குத் தலையணை அடுக்கியோ தூங்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் வயிற்றின் பாரம் உதரவிதானத்தின் மேல் ஏறாது. டீச்சருக்கு நான் செய்ததும் அவ்வளவுதான், மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

‘சொன்னால் நோயாளி பயந்துவிடுவார்’ என்று எங்களுக்குள் ஒரு வழக்கப் பேச்சு உண்டு. அது பாதி உண்மை, மீதி எங்கள் சோம்பல். என் அனுபவத்தில், “இந்தப் பக்கம் மூச்சு கொஞ்ச நேரம் அரைகுறையாக இருக்கும், இமை தொங்கலாம், குரல் கம்மலாம், நாளைக் காலைக்குள் சரியாகிவிடும்” என்று முதல் நாளே சொல்லி வைத்தவர்களில் யாரும் நடுராத்திரி அலறியதில்லை. “நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு டாக்டர்” என்று சிரித்தவர்கள் உண்டு. பயம் வருவது தெரியாததால்தான்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அறுவைக்கு முந்தின நாள் மாலையில் நாங்கள் உங்கள் கட்டிலருகே வருவோம். பத்து நிமிடம்தான் இருப்போம். அவசரத்தில் இருப்பதுபோல் தெரியும். விட்டுவிடாதீர்கள். குறட்டை, இளைப்பு, பீடி, பைபாஸ், தைராய்டு, படி ஏறினால் எந்த மாடியில் நிற்க வேண்டியிருக்கிறது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். குறட்டையைப் பற்றி மட்டும் உங்களைக் கேட்டுப் பயனில்லை, பக்கத்தில் படுப்பவரைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு எங்களைக் கேளுங்கள்: எந்த ஊசி போடப் போகிறீர்கள், அது என் மூச்சை என்ன செய்யும், எத்தனை மணிக்கு இறங்கும்?

டீச்சர் அதற்கு ஒன்பது மாதம் கழித்து இடது தோளுக்கும் வந்தார். ஊசி எடுக்கும் முன் என்னைப் பார்த்து, “இந்தத் தடவை மொதல்ல பாடம் நடத்துங்க, அப்புறம் குத்துங்க” என்றார். நடத்தினேன். கையெழுத்துப் போட்டார்.